சிங்கப்பூர் – நியூயார்க் 15,349 கிலோமீட்டர்: தூரம் மாறாது, பயண நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்கு டிசம்பர் விடுமுறையில் போக டிக்கெட் தேடிப் பாருங்கள். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையில் 15,349 கிலோமீட்டர். எங்கே தேடினாலும் அந்த எண் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

பயண நேரம்தான் குழப்பும். ஒரு வரியில் 18 மணி 40 நிமிடம். அடுத்த வரியில் 24 மணி நேரம். இன்னும் கொஞ்சம் கீழே போனால் 30 மணி நேரத்தையும் தாண்டும். அதே இரண்டு ஊர்தானே? அப்போ ஏன் இவ்வளவு வித்தியாசம்?

உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை நினைத்துப் பாருங்கள். நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். சாதாரண செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீண்ட வார இறுதிக்கு முந்திய இரவில் எவ்வளவு ஆகும்? பாலம் நீளவில்லை, நேரம்தான் நீள்கிறது.

வானத்திலும் அதே கதைதான். தூரத்தை முடிவு செய்வது பூமி. நேரத்தை முடிவு செய்வது காற்று, நாடுகளுக்கு இடையிலான சண்டை, எரிபொருள் செலவு ஆகிய மூன்றும். இந்த மூன்றும் உங்கள் டிக்கெட் விலையிலும் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த உலக வரைபடம் ஞாபகம் இருக்கிறதா? அதில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு நேர்கோடு போடச் சொன்னால், இந்தியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் என்று மேற்குப் பக்கமாக இழுப்பீர்கள். அது ரொம்பச் சுற்றுவழி.

பூமி உருண்டை. அதைத் தட்டையான தாளில் விரித்தால் தூரங்கள் கோணலாகிவிடும். ஓர் உருண்டை வரைபடத்தை எடுத்து, சிங்கப்பூரில் ஒரு முனையும் நியூயார்க்கில் இன்னொரு முனையுமாக ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது. நேரே வடக்கே ஏறும்.

காரணம் எளிது. சிங்கப்பூர் ஏறக்குறைய 104 பாகை கிழக்கில் இருக்கிறது. நியூயார்க் ஏறக்குறைய 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. அதாவது, பூமியின் ஒரு பக்கத்தில் நாம், கிட்டத்தட்ட நேர் மறுபக்கத்தில் அவர்கள். அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும்.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்:

- சிங்கப்பூரிலிருந்து வட துருவம் வரை: 88.6 பாகை
- வட துருவத்திலிருந்து நியூயார்க் வரை: 49.4 பாகை
- மொத்தம்: 138 பாகை
- ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர்

138 பெருக்கல் 111 என்றால் 15,318. இணையத்தில் காட்டும் 15,349க்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள், இல்லையா?

அந்தக் கோடு இந்தோசீனா, சீனா, மங்கோலியா, ரஷ்யாவின் சைபீரியா, ஆர்க்டிக், கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும். வழியில் வட துருவத்தை 300 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கடக்கும்.

பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். ஆகவே உலகில் எந்த இரண்டு விமான நிலையங்களும் அதில் பாதியான 20,000 கிலோமீட்டரைத் தாண்டி விலகி இருக்க முடியாது. சிங்கப்பூர்–நியூயார்க் அந்த உச்ச வரம்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். இடையில் எங்கேயும் இறங்காத வழக்கமான பயணிகள் விமானச் சேவைகளில் உலகிலேயே ஆக நீண்டது இதுதான்.

17 மணி நேரம் எப்படி 18 மணி 40 நிமிடம் ஆனது?

நீண்டதூர விமானம் மேலே ஏறியபின் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 15,349ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் அட்டவணையில் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டிப் போடுகிறார்கள். பருவத்துக்குப் பருவம் அதுவும் சற்று மாறும். மிச்சம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எங்கே போனது?

முதல் விஷயம்: அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் சாங்கியின் வாசலை விட்டுப் பின்னால் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, நியூயார்க்கில் வாசலில் வந்து நிற்கும் நொடி வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாமே அதில் அடக்கம். நியூயார்க் வட்டாரத்து வானம் நெரிசலுக்குப் பேர்போனது. அதனால் விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. "முன்கூட்டியே வந்துவிட்டோம்" என்று சில நேரம் அறிவிக்கிறார்களே, அந்தக் கூடுதல் நேரமும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம்: விமானம் அந்த 15,349 கிலோமீட்டர் கோட்டின் மேல் பெரும்பாலும் பறப்பதே இல்லை. ஏன்?

காற்று: போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம்

தரையிலிருந்து ஏறக்குறைய 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் வேகக் காற்றோட்டங்கள் ஆறுபோல ஓடுகின்றன. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுபவை அவை. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அவற்றை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு கூடுவதால் காற்றும் வலுவடையும்.

சாங்கியில் இருக்கும் நகரும் நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதே வேகத்தில்தான் நடக்கிறீர்கள். ஆனால் பாதை உங்களைத் தள்ளுவதால் பக்கத்தில் நடப்பவரைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்கிறீர்கள். அதே பாதையில் எதிர்த்திசையில் நடந்து பாருங்கள், மூச்சு வாங்கும். விமானத்துக்கும் அப்படித்தான்.

லண்டன் நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூர்–லண்டன் தூரம் ஏறக்குறைய 10,900 கிலோமீட்டர். மேற்கே லண்டனுக்குப் போகச் சுமார் 14 மணி நேரம். கிழக்கே சிங்கப்பூருக்குத் திரும்பச் சுமார் 13 மணி நேரம். தூரம் ஒன்றுதான், காற்றுதான் கணக்கை மாற்றுகிறது.

காற்று எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் ஒரு சாட்சி கிடைத்தது. 'சியாரா' புயலையொட்டி அட்லாண்டிக் மேல் காற்று கடுமையாக வீசியது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள், அதாவது 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரையும் தாண்டியது. ஆனால் அது ஒலியின் வேகத்தை மிஞ்சவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

இப்போது நியூயார்க்குக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பல நாள்களில் வட துருவம் பக்கம் போவதில்லை. கிழக்கே திரும்பி, பசிபிக் பெருங்கடலின் மேல், முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு போகிறது. திரும்பி வரும் விமானம் பல நாள்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே வருகிறது.

புரிகிறதா? அப்படிப்பட்ட நாள்களில் போய் வந்தால் நீங்கள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பீர்கள்! தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும், காற்று தள்ளிவிடுவதால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகலாம். குறுகிய வழிதான் வேகமான வழி என்பது வானத்தில் எப்போதும் உண்மை இல்லை.

வானத்துக்கும் எல்லை உண்டு

காற்று இயற்கை. ஆனால் நேரத்தை நீட்டும் இன்னொரு காரணம் முழுக்க முழுக்க மனிதர்கள் உண்டாக்கியது.

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்பாட்டின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயவெளி சொந்தம். கடந்துபோகும் வெளிநாட்டு விமானங்கள் அந்த நாட்டின் விதிகளுக்கு உட்பட வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். நாடு நினைத்தால் கதவைச் சாத்தலாம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட்டன. பதிலுக்கு ரஷ்யாவும் அவற்றின் விமானங்களுக்குத் தடை போட்டது. உலகின் ஆகப் பெரிய நாட்டின் வானம் பலருக்கு ஒரே வாரத்தில் மூடிக்கொண்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உள்ளிட்ட சில நிறுவனங்கள் தாங்களாகவே அந்த ஆகாயவெளியைத் தவிர்த்தன.

ஆக மோசமாக அடிபட்டது பின்லாந்தின் ஃபின்ஏர். ரஷ்யாவுக்கு மேலே பறந்து ஆசியாவுக்குக் குறுக்குவழியில் போவதுதான் அதன் வியாபாரமே. ஹெல்சின்கி–தோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரம் போல இருந்தது, ஏறக்குறைய 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு நகரங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

மேலே நாம் நூல் பிடித்துப் பார்த்த சிங்கப்பூர்–நியூயார்க் கோடும் சைபீரியா வழியாகத்தானே போனது? இப்போது அந்தக் கோடு தாளில் மட்டும்தான் இருக்கிறது.

2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் ஆகாயவெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. சில நாள்களில் இந்தியாவும் அதையே செய்தது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. முன்பு இடைநில்லாமல் போன சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப ஐரோப்பாவில் இறங்கிப் போயின.

அதே ஆண்டு ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டன. ஈரான், ஈராக், ஜோர்தான் என்று வரிசையாக ஆகாயவெளிகள் மூடப்பட்டன. ஜூன் 23ஆம் தேதி கத்தாரும் சில மணி நேரம் மூடியது. சிங்கப்பூர்–துபாய் விமானங்கள் சிலவற்றை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ரத்து செய்தது. வடக்கே ரஷ்யாவும் உக்ரேனும் இல்லை, தெற்கே மத்திய கிழக்கும் பதற்றத்தில். நடுவில் மிஞ்சுவது அஸர்பைஜான், மத்திய ஆசியா வழியாகப் போகும் குறுகலான ஓர் ஆகாயச் சந்து. ஆசியா–ஐரோப்பா விமானங்கள் பலவும் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"ஒரு மணி நேரம் கூட ஆகுதே" என்று சலித்துக்கொள்வதற்கு முன் ஒரு நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேனின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் மாண்டனர். அந்தப் பகுதியில் 32,000 அடிக்குக் கீழேதான் பறக்கத் தடை இருந்தது. விமானம் 33,000 அடியில் பறந்தது. விதிப்படி அந்த வழி திறந்திருந்தது. வேறு பல நிறுவனங்களின் விமானங்களும் அன்று அதே வழியில் பறந்தன.

சண்டை நடக்கும் இடத்தைச் சுற்றிப் போகும் அந்தக் கூடுதல் நேரம் வீண் அல்ல. 298 உயிர்களின் இழப்புக்குப் பிறகு படித்த பாடம் அது.

எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள்

சரி, நேரம் கூடினால் கூடட்டும், ஒரு படம் கூடப் பார்க்கலாம் என்கிறீர்களா? பிரச்சினை எடையில் இருக்கிறது.

நியூயார்க் சேவைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்துவது ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் ரகம். மிக நீண்ட தூரத்துக்கென்றே மாற்றியமைக்கப்பட்டது. அதன் கொள்கலன்களில் 165,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடை ஏறக்குறைய 132 டன். விமானம் மேலே ஏறும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். முழுதாக நிரப்பினால் கிட்டத்தட்ட பாதி விமானம் எரிபொருள்!

பயணிகள்? இருக்கைகள் 161. ஆளுக்குப் பெட்டியோடு 100 கிலோ என்று வைத்தாலும் 16 டன்தான். பயணிகளின் எடையைப்போல எட்டு மடங்கு எரிபொருளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியும் என்று அர்த்தம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 17ஆவது மணி நேரத்தில் எரிக்கப்போகும் எரிபொருளை முதல் 16 மணி நேரமும் சுமக்க வேண்டும். அதைச் சுமக்கவும் எரிபொருள் செலவாகும். ஆகவே தூரம் கூடக் கூட, ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரும் முந்தியதைவிடச் செலவு வைக்கும்.

அதனால்தான் அந்த விமானத்தில் சாதாரண இக்கானமி இருக்கையே இல்லை. 67 பிஸ்னஸ், 94 பிரீமியம் இக்கானமி, அவ்வளவுதான். அதே நிறுவனத்தின் வழக்கமான நீண்டதூர ஏ350 விமானத்தில் 253 இருக்கைகள். குறைவான ஆட்களை ஏற்றி, ஒவ்வொருவரிடமும் கூடுதல் காசு வாங்கினால்தான் கணக்கு சரிவரும்.

சரிவராத காலமும் இருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை ஒட்டிய நுவார்க் நகருக்கு நான்கு இயந்திர ஏ340-500 விமானத்தை விட்டது. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்த 2013இல் அதை நிறுத்தியது. இரண்டே இயந்திரங்கள் கொண்ட புதிய ஏ350 வந்தபிறகு 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. 2020 நவம்பரில் ஜான் எஃப் கென்னடி சேவையும் சேர்ந்தது. நடுவில் ஐந்து ஆண்டுகள் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடைநில்லாச் சேவையே இல்லை. தூரம் அப்போதும் இதே தூரம்தான்.

தூரத்துக்கு இன்னொரு விலையும் வருகிறது. நீடித்த நிலைத்தன்மைமிக்க விமான எரிபொருளுக்கான தீர்வையை சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 2025 நவம்பரில் அறிவித்தது. அறிவிப்பின்படி அது தூரத்தையும் வகுப்பையும் பொறுத்தது. தென்கிழக்காசியாவுக்கு இக்கானமி பயணி கட்டுவது 1 வெள்ளி, அமெரிக்கக் கண்டங்களுக்கு 10 வெள்ளி 40 காசு. பிஸ்னஸ் வகுப்பில் அதைப்போல் நான்கு மடங்கு, 41 வெள்ளி 60 காசு. சிறிய தொகைதான். ஆனால் எவ்வளவு தூரம் போகிறோம், எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு போகிறோம் என்பதற்கு விலை உண்டு என்று டிக்கெட்டிலேயே எழுதிக் காட்டுகிறது.

நிற்காமல் போவதா, நின்று போவதா?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃபிராங்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க் போகிறது. கணக்குப் பாருங்கள்:

- சிங்கப்பூர்–ஃபிராங்ஃபர்ட்: ஏறக்குறைய 10,260 கிலோமீட்டர்
- ஃபிராங்ஃபர்ட்–நியூயார்க்: ஏறக்குறைய 6,180 கிலோமீட்டர்
- மொத்தம்: ஏறக்குறைய 16,440 கிலோமீட்டர்

தூரத்தில் வித்தியாசம் 1,100 கிலோமீட்டர் போலத்தான், 7 விழுக்காடு. ஆனால் நேரம் 24 மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். இறங்குவது, தரையில் காத்திருப்பது, திரும்ப ஏறுவது, அட்லாண்டிக்கில் காற்றை எதிர்த்துப் பறப்பது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

அதற்காக நின்று போவது மட்டம் என்று நினைக்க வேண்டாம். இக்கானமி இருக்கை கிடைக்கும். விலையும் பல நேரங்களில் குறையும். கால் நீட்டி நடக்கலாம்.

ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 'நேரடி விமானம்' என்று போட்டிருந்தால் எங்கேயும் நிற்காது என்று அர்த்தமில்லை. விமான எண் மாறாமல் இருந்தால் போதும், நடுவில் இறங்கினாலும் அதை நேரடி என்றே சொல்வார்கள். ஷாங்காய்–புவனோஸ் ஐரிஸ் சேவையை சைனா ஈஸ்டர்ன் 2025 டிசம்பரில் தொடங்கியது. உலகின் ஆக நீண்ட 'நேரடி' சேவை என்று அது பேசப்பட்டது. ஆனால் நடுவில் ஆக்லாந்தில் இறங்கித்தான் போகிறது. உங்களுக்கு வேண்டியது எங்கேயும் நிற்காத பயணம் என்றால் 'இடைநில்லா' என்று தேடுங்கள்.

கடிகாரம் சொல்லும் பொய்

டிசம்பரில் நியூயார்க் நம்மைவிட 13 மணி நேரம் பின்னால். கோடையில் 12 மணி நேரம். அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், இங்கே மாற்றுவதில்லை.

வெள்ளிக்கிழமை பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு நீங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 18 மணி 40 நிமிடம் கழித்து இறங்கும்போது சிங்கப்பூரில் வெள்ளி மாலை 6.40. நியூயார்க்கில்? அதே வெள்ளிக்கிழமை விடிகாலை 5.40. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஆறு மணி நேரத்தில் போய்விட்டீர்கள்!

திரும்பும்போது கடன் வசூலாகும். நியூயார்க்கில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறினால், சாங்கியில் இறங்கும்போது ஞாயிறு காலை ஆறு மணி ஆகப்போகும். சனிக்கிழமையைக் காணோம். திங்கட்கிழமை தேர்வோ வேலையோ இருந்தால் டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் '+1', '+2' குறிகளைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

உடம்பின் கடிகாரம் இன்னும் மெதுவானது. பொதுவாக நாளுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். பகல் இரவாகவும் இரவு பகலாகவும் மாறும் இந்தப் பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. ஆபத்து பொதுவாகச் சிறியதே. ஆனால் இது 18 மணி நேரம். நடுநடுவே எழுந்து நடப்பது நல்லது.

இதில் சிங்கப்பூருக்கு என்ன?

1947 டிசம்பர் 1ஆம் தேதி குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குத் தன் 'கங்காரு வழி'ச் சேவையைத் தொடங்கியது. நான்கு நாள் பயணம். விமானத்தால் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போக முடியாது. வழியில் பல ஊர்களில் இறங்கியது, அவற்றில் ஒன்று சிங்கப்பூர். இன்றும் அதன் சிட்னி–லண்டன் விமானம் இங்கே நின்றுதான் போகிறது.

சாங்கி பெரிதானதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் நடுவில் இருக்கிறோம், அவர்கள் நிற்க வேண்டியிருந்தது.

இப்போது நிற்கத் தேவையில்லாத விமானங்கள் வருகின்றன. பெர்த்–லண்டன் இடைநில்லாச் சேவை 2018 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அடுத்து சிட்னி–லண்டன், ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். 20,000 லிட்டர் கூடுதல் எரிபொருள் பிடிக்கும் ஏ350-1000 விமானத்தைக் கொண்டு 2027இல் அதைத் தொடங்க குவாண்டாஸ் திட்டமிட்டிருக்கிறது. அது வந்தால் உலகின் ஆக நீண்ட சேவை என்ற பட்டம் நம் கையைவிட்டுப் போகும். பட்டம் போனால் போகட்டும். 'அவர்கள் ஏன் இங்கே நிற்க வேண்டும்?' என்ற கேள்விக்கு 'நாம் நடுவில் இருக்கிறோம்' என்பது மட்டும் பதிலாக இருக்க முடியாது என்பதுதான் பெரிய விஷயம்.

சாங்கியை 2024இல் 67.7 மில்லியன் பயணிகள் பயன்படுத்தினர். நமக்கு உள்நாட்டு விமானச் சேவை என்று ஒன்று கிடையாது. அந்த ஒவ்வொருவரும் இன்னொரு நாட்டுக்குப் போனவர் அல்லது இன்னொரு நாட்டிலிருந்து வந்தவர். இங்கிருந்து கிளம்பும் விமானம் சில நிமிடங்களிலேயே வேறு நாட்டின் எல்லையைத் தொட்டுவிடும். ஏதோ ஒரு தூர நாட்டில் ஆகாயவெளி மூடப்பட்டது என்ற செய்தி பெரிய நாடுகளில் பலருக்கு வெளிநாட்டுச் செய்தி. நமக்கு அது போக்குவரத்துச் செய்தி.

டிக்கெட் எடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

- மொத்தப் பயண நேரம்: தூரத்தையோ பறக்கும் நேரத்தையோ மட்டும் பார்க்காதீர்கள். காத்திருக்கும் நேரமும் உங்கள் நேரம்தான்.
- இடைநில்லாப் பயணமா, நேரடிப் பயணமா: நடுவில் எங்கே, எத்தனை மணி நேரம் நிற்கும் என்று பாருங்கள்.
- ஒரே டிக்கெட்டா, தனித்தனியா: மலிவாக இருக்கிறதே என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது. வேறு டிக்கெட்டுக்கு நீங்களே பணம் கட்ட வேண்டியிருக்கும்.
- போகும் வழி: பதற்றமான வட்டாரத்தில் மாற வேண்டியிருந்தால், இரண்டு விமானங்களுக்கு இடையே தாராளமாக நேரம் விடுங்கள். உங்கள் பயணக் காப்புறுதி போர், ஆகாயவெளி மூடல் ஆகியவற்றுக்குக் கைகொடுக்குமா என்றும் படித்துப் பாருங்கள். பல திட்டங்கள் போரை விலக்கிவைக்கின்றன.
- வந்துசேரும் தேதி: '+1', '+2'. மறக்க வேண்டாம்.

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் இலவசச் செயலிகள் நிறைய உண்டு. இன்றிரவு ஒன்றைத் திறந்து சிங்கப்பூர்–நியூயார்க் விமானத்தைத் தேடிப் பாருங்கள். அது நேர்கோட்டில் போகாது, எங்கேயோ வளையும். அந்த வளைவு காற்றைத் தேடியா, சண்டையை விலக்கியா என்று இனி உங்களால் ஊகிக்க முடியும்.